படத்தைத் தொட்டுப் பேசும் பிள்ளைகள்: ஆட்டிசமும் தொடர்புக் கருவிகளும்

(தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கரு வளரும் காலத்திலிருந்தே மூளையின் அமைப்பில் ஏற்படும் வேறுபாட்டால், பிறரோடு கலந்து பழகுவதும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் ஒரு குழந்தைக்குக் கடினமாகி, அதனோடு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும், ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மற்றவர்களைவிட மிகுதியாகவோ குறைவாகவோ உணர்வதும் சேர்ந்து வரும் வளர்ச்சி நிலையையே மருத்துவம் ஆட்டிசம் என்று குறிக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நிலை இருப்பதாகக் கணிக்கப்படுவதால், பாப்பாரப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இத்தகைய பிள்ளைகள் பலர் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். அவர்கள் கண்ணில் படவில்லை என்றால் வீட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே பொருள். இவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி வயதை எட்டும்போதும் வாய்ப்பேச்சு இல்லாமலோ, ஓரிரு சொற்களோடோ நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றியது இவ்வுரை. பேச்சு வரட்டும், பிறகு பள்ளிக்கு அனுப்பலாம், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று ஆண்டுகளைத் தள்ளிப்போடுவது அவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி என்பதும், வாய்ப்பேச்சு வந்தாலும் வராவிட்டாலும், கேட்பதற்கும் மறுப்பதற்கும் வலியைச் சொல்வதற்கும் ஒரு வழியை இன்றே ஏற்படுத்தித் தருவதுதான் எந்தச் சிகிச்சைக்கும் முதற்பணி என்பதும் இவ்வுரையின் துணிபு.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், தம்மிடம் வந்த பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே இந்நிலை தனியொரு பெயரோடு மருத்துவ நூல்களில் இடம்பெறத் தொடங்கியது. அந்தப் பதினொருவரில் எட்டுப் பேருக்குப் பேச்சு வந்தது, மூவர் பேசவே இல்லை. ஆனால் பேசிய எட்டுப் பேரின் பேச்சும் பிறரோடு உறவாடப் பயன்படவில்லை என்பதையே கானர் அழுத்திச் சொன்னார். குரல் இருப்பது ஒன்று, அக்குரலால் மற்றொருவரிடம் ஒன்றைச் சொல்ல முடிவது வேறொன்று என்ற இந்த வேறுபாட்டைத்தான் பின்னால் வந்த சிகிச்சையாளர்கள் நெடுங்காலம் கவனிக்கத் தவறினார்கள். 1960களில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று எழுதி, ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த தாய்மார்களின் தலையில் பழியையும் சுமத்தினர். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூல் அக்கொள்கையை எதிர்த்து நின்றது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இந்நிலையில் மரபணுக்களின் பங்கு பெரிது என்று காட்டினர். தாயைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் நூல்களிலிருந்து நீங்கிவிட்டபோதும் தெருவிலிருந்து இன்னும் நீங்கவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், பிள்ளையைக் கவனிக்காமல் வேலைக்குப் போனாள், செல்போனைக் கையில் கொடுத்துவிட்டாள் என்று அன்றாடம் சொல்லப்படும் சொற்கள் எவ்வளவு கொடியவை என்பதை அவற்றைச் சொல்பவர்கள் அறிவதில்லை.

பேசத் தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செய்யவேண்டியது செவித்திறன் சோதனை. காது கேளாமையும் ஆட்டிசமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, பிறர் காட்டும் பொருளைப் பார்க்காமை ஆகிய அறிகுறிகள் ஒன்றரை வயதிலேயே தெரியக்கூடும்; 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காக அமைக்கப்பட்ட எம்-சாட் என்னும் இருபது கேள்விப் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரே தாயிடம் கேட்டு நிரப்பிவிட முடியும். ஆனால் அந்தப் பொன்னான காலம் பெரும்பாலும் காத்திருப்பில் கழிகிறது. அப்பனும் நாலு வயதில்தான் பேசினான் என்று ஓராண்டு, வசம்பை உரசி நாக்கில் தடவினால் வாய் திறக்கும் என்று ஓராண்டு, நாக்கின் அடியில் ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஓராண்டு போய்விடுகிறது. நேர்த்திக்கடன் நேர்வதில் தவறேதும் இல்லை; அதை நிறைவேற்றும் வரை மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதுதான் தவறு. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற பெயரில் 2013இல் தொடங்கிய நடுவணரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. குழந்தையின் வளர்ச்சியை அளப்பதும், பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் கட்டணமின்றித் தருவதும் அவற்றின் பணி. நிலையின் அளவை உறுதிசெய்ய நம் நாட்டிலேயே உருவான அளவுகோல் ஒன்றும் உண்டு. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய அந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லையென்றும், 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்றும் வகுக்கிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இந்த எண் தேவை என்பதால் பெற்றோர் அதை அறிந்திருப்பது நல்லது. ஆயினும் பிள்ளைக்கு எதைக் கற்றுத்தருவது என்பதை அந்த எண் சொல்லாது.

மருந்துகளைப் பற்றித் தெளிவாகவே சொல்லிவிடலாம். ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து எதுவும் இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கடுமையான எரிச்சலும் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் வழக்கமும் உள்ள பிள்ளைகளுக்கு அவற்றைத் தணிக்க ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகிய இரண்டையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முறையே 2006, 2009ஆம் ஆண்டுகளில் ஏற்றது. வலிப்பு இருந்தால் அதற்கான மருந்து தவறாமல் தரப்படவேண்டும். இவற்றுக்கு மேல் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் அனைத்தையும் ஐயத்தோடு அணுகுவதே அறிவுடைமை. 1998இல் செக்ரடின் என்னும் சுரப்புநீர் ஊசி அதிசயம் செய்வதாகப் பரபரப்பு எழுந்தது. மறு ஆண்டே முறையான சோதனையில் வெறும் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்று தெரிந்தது. அதே 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய, தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்திய கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பல நாடுகளில் தாய்மார்கள் தடுப்பூசியை மறுத்திருந்தனர். உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லும் கிலேஷன் முறையால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நம் நாட்டில் இன்று பெற்றோரைப் பெருங்கடனில் தள்ளும் வாக்குறுதி ஸ்டெம் செல் சிகிச்சை எனப்படுவது. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022இல் ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்று அறிவித்துவிட்டது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பெருநகரம் நோக்கிப் புறப்படும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி புறப்படுவதற்கு முன்னரே போய்ச் சேரவேண்டும்.

பயன் தருவன பயிற்சிகளே. அவற்றிலும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. 1987இல் கலிபோர்னியாவின் ஐவர் லோவாஸ், 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் நடத்தைப் பயிற்சி தந்து, அவர்களில் ஒன்பது பேர் மற்றப் பிள்ளைகளைப்போல் ஆகிவிட்டனர் என்று அறிவித்தபோது உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் அந்த ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, அதட்டலும் அடியும் பயிற்சியின் பகுதியாக இருந்தன என்பன பின்னர் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. அத்தகைய பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களானோர் பலர், கீழ்ப்படிதல்தான் கற்றுத்தரப்பட்டதே தவிரத் தாம் சொல்லவந்ததை எவரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களின் சாட்சியத்தை எடைபோட்டே எந்தப் பயிற்சி மையத்தையும் மதிப்பிடவேண்டும். பிள்ளை அழ அழ நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைப் பார் என்று வற்புறுத்தும் இடம் எவ்வளவு பெயர்பெற்றதாயினும் அங்கிருந்து பிள்ளையை அழைத்துவந்துவிடுவதே நல்லது.

வாரம் 40 மணி நேரப் பயிற்சி தருமபுரி மாவட்டத்துக் கூலிக் குடும்பம் ஒன்றுக்கு இயலாது என்பதால், இம்மண்ணுக்கு ஏற்ற வழி எது என்ற கேள்வி எழுகிறது. 2016இல் வெளியான பாஸ் என்னும் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கோவாவில் உள்ள சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் உள்ள குழுவும், பிரிட்டனில் உருவான பெற்றோர் வழிப் பயிற்சி ஒன்றைத் தெற்காசியாவுக்கு ஏற்றபடி மாற்றி, மருத்துவரும் நிபுணரும் அல்லாத நலப் பணியாளர்களைக்கொண்டு 65 குழந்தைகளிடையே சோதித்தன. தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் பணியாளர் சிறிது நேரம் காணொளியாக எடுப்பார். பிறகு இருவரும் சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். பிள்ளை பந்தைப் பார்த்த கணத்தில் தாய் பந்து என்று சொன்ன இடத்தை நிறுத்திக் காட்டி, இப்படிச் செய்தபோது பிள்ளை திரும்பினான் பாருங்கள் என்று எடுத்துரைப்பார். தாய் கேள்வி மேல் கேள்வி கேட்பதைக் குறைத்து, பிள்ளையின் கவனம் போகும் வழியில் தானும் போகக் கற்றுக்கொண்டபோது, பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. இம்மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அன்று: அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் பழங்குடியினர் நலவாழ்வுப் பணியைத் தொடங்கிய மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர், அங்குள்ள பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துப் பேறுகால நலத்தையும் குழந்தை நலத்தையும் மேம்படுத்திக் காட்டினார்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர்சேவா சங்கமும் ஊர்ப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பியே வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. அந்த வழியில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் பணியாளர்களை உருவாக்குவது இங்கு முடியாத காரியமில்லை.

தொடர்புக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது, பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் தொடர்பை முதலில் அடையாளம் காணவேண்டும். தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று பானைமீது வைக்கும் பிள்ளை தண்ணீர் கேட்கிறது. தண்ணீர் வேண்டும்போதெல்லாம் “தண்ணி வேணுமா?” என்று தாய் கேட்ட அதே குரலில் திருப்பிச் சொல்லும் பிள்ளையும் தண்ணீரைத்தான் கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடியே சொல்லும் இந்த எதிரொலிப் பேச்சைப் பொருளற்ற கிளிப்பிள்ளைப் பேச்சு என்று அடக்கிவந்தார்கள். கேட்பதற்கும், ஆமோதிப்பதற்கும், தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்வதற்கும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை 1980களில் பாரி பிரிசாண்ட் முதலியோரின் ஆய்வுகள் நிறுவின.

வாய்ப்பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ படம், சைகை, எழுத்து, குரல் தரும் கருவி ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் துணைநிலை மாற்றுத் தொடர்பு முறை என்பர். அவற்றுள் எளியது, 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய பட அட்டைப் பரிமாற்ற முறை. அதன் முதற்படியை ஒரு வீட்டுக் கூடத்திலேயே காணலாம். பிள்ளைக்கு மிகவும் பிடித்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தாய் எதிரே அமர்கிறார்; நடுவில் முறுக்கின் படம் ஒட்டிய அட்டை இருக்கிறது; பிள்ளையின் பின்னால் பாட்டியோ அக்காவோ உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை முறுக்கை நோக்கிக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தக் கையை அட்டையின்மீது கொண்டுபோய், அதை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைக்க உதவுகிறார். அட்டை கையில் விழுந்த மறுகணம் தாய் “முறுக்கு!” என்று சொல்லி முறுக்கைக் கொடுத்துவிடுகிறார். என்ன வேண்டும் என்று தாய் கேட்பதில்லை. கேட்டால்தான் சொல்வது என்ற பழக்கம் தொடக்கத்திலேயே படிந்துவிடக்கூடாது என்பதே காரணம். சில நாட்களில் பின்னாலிருப்பவரின் உதவி படிப்படியாகக் குறைய, பிள்ளை தானே அட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படியில் இருக்கும் தாயைத் தேடிப் போகும் நிலை வருகிறது. ஒருவரைத் தேடிப்போய் ஒன்றைச் சொல்வது என்னும் செயல், கானரின் குழந்தைகள் பேச்சிருந்தும் செய்ய இயலாதிருந்த செயல், அங்கே தொடங்கிவிடுகிறது.

கேட்பதோடு மொழி நின்றுவிடலாகாது. ஆகவே அடுத்த நிலையில் பல படங்களைக் கொண்ட தொடர்புப் பலகையோ கருவியோ தேவைப்படுகிறது. இத்துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைக்குரிய ஓர் இடம் உண்டு. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனத்தில், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத பிள்ளைகளோடு பழகிய பொறியாளர் அஜித் நாராயணன், அவர்களுக்காக ஆவாஸ் என்னும் குரல் தரும் கருவியை 2010ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். படங்களைத் தொட்டால் அவற்றைச் சொற்களாகக் கோத்துக் குரலாக வெளியிடும் அக்கருவி, அதே வேலையைச் செய்த வெளிநாட்டுக் கருவிகளைவிடப் பன்மடங்கு மலிவாக அமைந்தது. பிறகு அது கைக்கணினியில் இயங்கும் செயலியாகி ஆட்டிசப் பிள்ளைகளிடையே பரவியது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் 2011இல் வெளியிட்ட இளம் புத்தாக்கர் பட்டியலில் அவர் இடம்பெற்றதும் இப்பணியாலேயே. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஜெல்லோ என்ற செயலி கட்டணமின்றியே கிடைக்கிறது.

கருவி தமிழில் பேசவேண்டும் என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. செய்வது அவ்வளவு எளிதன்று. ஆங்கிலத்துக்கு வகுத்த பலகையில் இடத்தையும் திசையையும் குறிக்கும் சொற்கள் தனித்தனிக் கட்டங்களாக இருக்கும்; தமிழிலோ கடைக்கு, கடையில், கடையிலிருந்து என அவை பெயரோடு ஒட்டி நிற்கின்றன. நான், தண்ணீர், வேண்டும் என்ற மூன்று படங்களைத் தொடும் பிள்ளைக்கு “எனக்குத் தண்ணி வேணும்” என்ற வாக்கியம் கிடைக்கவேண்டுமானால், வேண்டும் என்ற சொல் வந்தவுடன் நான் என்பது எனக்கு என்றாகவேண்டும். குரலும் செய்தி வாசிப்பதுபோல் எழுத்துத் தமிழில் ஒலித்தால் தெருப்பிள்ளைகள் அதைத் தங்களில் ஒருவரின் குரலாக ஏற்கமாட்டார்கள். களி, கீரைக் குழம்பு, பென்னாகரம் பஸ், ஒகேனக்கல், ஆயா, மாரியம்மன் பண்டிகை, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஆகியவற்றின் உண்மையான புகைப்படங்களை வீட்டாரே எடுத்து ஏற்றிய பலகைதான் அந்தப் பிள்ளையின் மொழியாகும். பீட்சாவும் பனிமனிதனும் உள்ள பலகையால் யாருக்குப் பயன்? இம்மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய உள்ளன. வீட்டு மொழியை விட்டுவிட்டு ஒரே மொழியில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இரு மொழிச் சூழலால் ஆட்டிசப் பிள்ளையின் மொழி வளர்ச்சி குன்றுவதில்லை என்றே அவை காட்டுகின்றன. தாலாட்டையும் கொஞ்சலையும் தாய் தன் மொழியில் தொடர்வதே பிள்ளைக்கு நல்லது.

படத்தைக் காட்டப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடம் மட்டுமன்றிச் சில ஆசிரியர்களிடமும் உள்ளது. அது இயல்பான அச்சம். ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 2014இல் கோனி காசரியும் குழுவினரும் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள, மிகக் குறைந்த பேச்சுடைய 61 பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வில், விளையாட்டுவழிப் பயிற்சியோடு குரல் தரும் கருவியையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள், கருவி பெறாதவர்களைவிடத் தாமாக முன்வந்து அதிகம் சொன்னார்கள். கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் இது நிகழ்வதில்லை. குழந்தை ஓராண்டுக் காலம் பேச்சைக் கேட்ட பிறகே முதற்சொல்லைச் சொல்வதால், வீட்டாரும் ஆசிரியரும் தாம் பேசும்போதே பலகையில் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்காட்டவேண்டும். அதுவே இம்முறையின் உயிர். பாட்டுக் கேட்கும் செல்போனிலேயே செயலியையும் வைத்தால் பிள்ளை பாட்டுக்கே தாவும் என்பதால், பழைய கைபேசி ஒன்றைப் பேச்சுக்கென்றே ஒதுக்குவது நலம். மின்வெட்டுக்கும் மழைக்கும் அஞ்சாத அட்டைப் பலகை ஒன்றும் எப்போதும் உடனிருக்கவேண்டும். அப்பலகையில் வேண்டும் என்பதற்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் வேண்டாம், நிறுத்து, வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்பவற்றுக்கும் தரப்படவேண்டும். சொல்ல இயலாத பிள்ளையைத் துன்புறுத்துபவன் அந்த மௌனத்தையே நம்பிச் செய்கிறான் என்பதால், உடலுறுப்புகளின் படங்களைக் கூச்சத்தால் நீக்கிவிடுவது பிள்ளையின் காவலை நீக்குவதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பிள்ளையின் கையையோ முழங்கையையோ மற்றொருவர் தாங்கிப் பிடிக்க, பிள்ளை எழுத்துகளைத் தொட்டு எழுதுவதாகச் சொல்லப்படும் முறை 1990களில் பரவியது. பிள்ளைக்கு ஒரு படத்தையும் உதவியாளருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது உதவியாளர் பார்த்த படத்தின் பெயராகவே இருந்தது. கர்நாடகத்திலிருந்து அமெரிக்கா சென்ற சோமா முகோபாத்யாய் தம் மகனுக்குக் கற்பித்த அனுபவத்திலிருந்து வகுத்த, எழுத்துப் பலகையை ஆசிரியர் கையில் ஏந்திக் காட்டும் முறையையும், போதிய சான்றின்மையால் பயன்படுத்தவேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் 2018இல் அறிவித்தது. அந்தத் தாயின் உழைப்பைக் குறைகூறுவது இதன் நோக்கமன்று. பலகை மேசைமீது இருக்க, எவர் கையும் படாமல், உதவியாளருக்கு விடை தெரியாத ஒரு கேள்விக்குப் பிள்ளை தானே தொட்டு விடையளிக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். அங்கே வெளிப்படுவது பிள்ளையின் சொல்லா, பிறர் சொல்லா என்பதைத் தெரிந்துகொள்ளும் கடமை பிள்ளைக்காகவே இருக்கிறது.

பலகையோடு பிள்ளை வெளியே வரும்போது ஊர் என்ன செய்யும் என்பது அடுத்த வினா. பேருந்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளையை இறக்கிவிடச் சொல்வதும், திருவிழாவில் அடக்கத் தெரியாதா என்று தாயைப் பார்த்துக் கேட்பதும் இன்றும் நடப்பவை. நாடறிந்த விடுதலைப் போராட்டப் பேச்சாளரான சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் பாப்பாரப்பட்டி. சிறை தந்த தொழுநோயைக் காட்டி அன்றைய ஆட்சி அவரை ரயிலில் ஏறவிடவில்லை. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். உடலின் நிலையைக் காரணமாக்கி ஒருவரைப் பொதுவிடத்திலிருந்து விலக்குவது எத்தகையது என்பதை இவ்வூருக்கு வெளியார் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

சட்டம் இன்று பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டு ஆட்டிசத்தை விட்டுவிட்டது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதை ஏற்றது. இந்தக் கடைசிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சொந்தப் பேச்சுக்குத் துணையாகத் துணைநிலை மாற்றுத் தொடர்பு முறைகளைப் பள்ளிகளில் வளர்க்கும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் விதிக்கிறது. 31ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வியை உறுதிசெய்கிறது. உலக வங்கியின் துணையோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தின்கீழ் விழுதுகள் என்ற பெயரில் மறுவாழ்வுச் சேவை மையங்கள் திறக்கப்பட்டுவருகின்றன. ஆகவே பிள்ளையின் பலகையை விளையாட்டுப் பொருள் என்று எண்ணி வகுப்பறை அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளியிடம், அது பிள்ளையின் பேச்சு என்று எழுத்தில் தெரிவிக்கவும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாளில் அப்பலகையைக்கொண்டே பாடம் நடத்தவேண்டும் என்று கேட்கவும், வகுப்பாசிரியரும் சத்துணவுப் பணியாளரும் உடன் படிக்கும் பிள்ளைகளும் படங்களைத் தொட்டுப் பேசப் பழகும்படி ஏற்பாடு கோரவும் பெற்றோருக்கு முழு உரிமை இருக்கிறது. தனியொரு தாய் கேட்பதைவிட, பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் உள்ள பெற்றோர் ஒன்றுசேர்ந்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரே மனுவாகக் கொடுத்தால் அது விரைவில் கவனிக்கப்படும்.